இறக்காத துப்பாக்கி

கம்பி நுனியில் சுற்றிய வேட்டித்துணி துப்பாக்கிக் குழலுக்குள் போய்க் கறுப்பாகத் திரும்பியது. பேயாண்டியின் கைகள் துணியை மாற்றி மறுபடி விட்டன. வெள்ளையாக வரும்வரை ஓயாத கைகள்.

"ஸ்டேசன்ல குடுக்கறதுக்கு எதுக்கு இம்புட்டுத் தொடைக்கிறீக? பொண்ணுக்குச் சீரா கொண்டுபோறீக?" என்றாள் மனைவி சீனியம்மாள்.

பேயாண்டி அடுத்த துணியைக் கிழித்தார். மேலூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி. தேர்தல் வந்தால் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார். அதை மனிதர் முன் நீட்டியது ஒரே தடவை, போன ஆவணியில்.

குவாரிக்கு நிலத்தையும் வீட்டையும் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றிருந்தார். பட்டப்பகலில் நாலு பேர் கடப்பாரையோடு கேட்டை உடைத்து வந்தார்கள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சீனியம்மாளை ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். பேயாண்டி துப்பாக்கியைத் தூக்கினார். கடப்பாரைகளைப் போட்டுவிட்டு நாலு பேரும் ரோட்டுக்கு ஓடினார்கள்.

"பொம்பள மேல கைய வச்சா வேற என்ன செய்வீக பெரியவரே? உங்க மேல தப்பில்ல" என்றார் அன்று விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர்.

மிச்சத்தைப் பேயாண்டி அவரிடம் சொல்லவில்லை. அந்த நாலு பேரும் ஓடிய பிறகு, அவர்கள் வந்த வண்டியிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்தவன் ஒரே மகன் பாண்டியராஜன். அந்தக் குவாரியில் சூப்பர்வைசர்.

"அப்பா, நான்தான். பேசத்தான்ப்பா கூட்டியாந்தேன். இப்படிச் செய்வாய்ங்கன்னு தெரியாது."

முகம் தெரிந்தது. குரலும் தெரிந்தது. குழல் அவன் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. பயத்தில் தூக்கியதைக் கோபத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சுடுறதுன்னா சுடுங்க" என்று கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். உள்ளே தோட்டா இல்லை என்பதைக்கூட அவர் சொல்லவில்லை.

இப்போது மதுரைத் திருநகரில் இருக்கிறான். அம்மா போனால் சோறு போடுகிறான். அப்பாவின் போனை எடுப்பதில்லை. "அந்தத் துப்பாக்கி இருக்க வீட்டுக்கு எப்படிம்மா வாரது?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறான்.

இன்று காலையிலும் பேயாண்டி கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது.

ஸ்டேஷனில் பதிவெழுதும் ரைட்டர் நோட்டை விரித்தார். "தேர்தல் முடிஞ்சு வந்து வாங்கிக்கிடுங்கய்யா."

"வேணாம் சார். லைசென்ஸும் வேணாம்னு எழுதிக்கிடுங்க."

"ஏன், பன்னியெல்லாம் ஊரக் காலி பண்ணிருச்சா?"

 குழல் தரையைப் பார்க்க, பேயாண்டி மரக்கட்டைப் பிடியை ரைட்டர் கையில் கொடுத்தார்.