அடுப்பு இல்லாத வில்லா

எழுத எனக்குத் தகுதி ஒன்றும் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன். மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவன். வாடிக்கையாளர்களிடமே அளந்துதான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி வீட்டில் சமைத்து, பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறாள். முழங்கால் வலிக்கு ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அவளோ எங்கே போனாலும் சமைப்பாள். பழனிக்குப் போனபோதுகூட சத்திரத்து அறையில் கிடந்த ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிண்டினாள். அதனால், கழக்கூட்டம் என்கிற ஊரில் வேலை பார்க்கும் மகள், "ரெண்டு நாள் ரிசார்ட்ல தங்கிட்டு வாங்க, என் செலவு" என்றபோது, மனதுக்குள் ஒன்றே ஒன்றை முடிவு செய்தேன். அங்கே அடுப்பு இருக்கக் கூடாது.

மகள் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். தென்னந்தோப்புக்குள் தனித்தனி வில்லாக்கள். வாசலிலேயே நீச்சல் குளம். கட்டில் மேல் பூ.

"குளத்துல இறங்கி நானா நீந்தப் போறேன்? அடுக்களை இருக்கான்னு பாருட்டி."

"அங்க போயும் சாம்பார் வைக்கப் போறியாம்மா?"

"பின்னே? உங்கப்பாவுக்கு வேற யாரு வச்சா இறங்கும்?"

கடல் தெரிகிற, ஆள் நடமாட்டம் இல்லாத ஒன்றைக் கைகாட்டினேன். படத்தில் அடுக்களை இல்லை. இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள, கடையின் பின்பக்கம் நின்று அங்கே போன் செய்தேன். வில்லாவில் அடுப்பு கிடையாதுதானே என்று மலையாளத்தில் கேட்டேன்.

போனை எடுத்த பெண், நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துப் பதறிப்போனாள். "பேடிக்கண்டா சேட்டா, அடுப்பு ஞங்கள் கொண்டு வச்சுத் தராம் கேட்டோ."

பயப்பட வேண்டாம், நாங்களே வைத்துத் தருகிறோம் என்று அவ்வளவு அன்பாகச் சொல்கிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போய் இறங்கினால், மேசை மேல் புத்தம்புதிய கரண்ட் அடுப்பு. மனைவி முகம் மலர்ந்தது. பையிலிருந்து ரவையும் கடுகும் வெளியே வந்தன.

அவள் கைகால் கழுவப் போன நேரத்தில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கு நடந்தேன். போனில் பேசிய அதே பெண்தான் இருந்தாள். "கேடாயோ? வேற தராம்" என்று, அடுப்பு பழுதாகிவிட்டதென நினைத்து எழுந்துவிட்டாள்.

"வேண்டாம். என் மனைவி ரெண்டு நாளாவது சும்மா இருக்கட்டும். அதுக்குத்தான் வந்தோம்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் இவ்வளவு பேசியதில்லை. அவள் சிரித்தபடி அடுப்பை வாங்கிக் கீழே வைத்தாள். "சேச்சி ஒன்னும் தொடண்டா. எல்லாம் இவிடந்து வரும்." அக்கா எதையும் தொட வேண்டாமாம், எல்லாம் இங்கிருந்தே வருமாம்.

திரும்பி வந்தபோது மனைவி காலி மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களா கொண்டு குடுத்தீங்க? வாயத் தொறந்து பேசினீங்களா?"

தலையாட்டினேன். ரவையைப் பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு குளத்தோரம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். காப்பி அவர்கள் கொண்டு வந்தார்கள். சர்க்கரை கூடுதல் என்றாள்.