பன்னிரண்டாவது முகம்

"யாருங்க இவ?"

"எனக்குத் தெரியாது ஐவி."

"தெரியாத பொம்பளைக்கு இம்புட்டு அழகா மூக்கு வைக்க முடியுமா?"

"மாதா சத்தியமா நான் செய்யல."

"மாதாவ இழுக்காதீங்க. அவங்களுக்குக் களிமண் வேல தெரியாது."

ராகலையில் அந்தத் தெரு முழுக்க இதைக் கேட்டது. நம்பாதவர் நம்பாமல் போகட்டும், நடந்தது நடந்ததுதான். இறம்பொடையில் ஒரு ஹோட்டலின் முன்சுவருக்கு, கொழுந்து பறிக்கும் பெண்களின் முகங்களை நிஜ அளவில் பாதியாகச் சுட்ட மண்ணில் செய்து பதிக்கும் வேலை மைக்கலுக்கும் அவன் மனைவி ஐவிக்கும் கிடைத்திருந்தது. இருவருமாகச் சூளைக்குள் எண்ணி வைத்தது பதினொரு முகம். மூன்று நாள் ஆறவிட்டு, பகல் 2.40க்குத் திறந்தால் பன்னிரண்டு. கூடுதலாக வந்தவளுக்கு இருபத்தொரு வயதிருக்கும். மோவாயில் ஒரு தழும்பு. ஐவிக்கு இது போதாதா? யாரென்று சொல்லாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையையே கட்டிவிட்டாள்.

ஆனாலும் கெட்டிக்காரி. களிமண் வெந்தால் சுருங்கும். சாணுக்கு ஒரு விரல் குறையும். புருஷன் பொய் சொல்லலாம், மண் சொல்லாது. ஒவ்வொரு முகத்தையும் அதை வார்த்த மரச்சட்டத்துக்குள் திரும்ப வைத்துப் பார்த்தாள். பதினொன்றும் கடகடவென்று ஆடின.

பன்னிரண்டாவதுக்கென்று சட்டம் இல்லை; மற்றதொன்றில் வைத்தாள்... இறுகப் பொருந்தியது.

மைக்கல் செய்து வைத்திருந்தால் இதுவும் சுருங்கியிருக்க வேண்டுமே.

3.10. பனிமூட்டம் வாசல்வரை வந்தது.

3.25. டக்... சட்டத்தின் ஒரு மூலை விலகியது.

3.40. டக். இன்னொரு மூலை.

வளர்கிறது...

ஐவி பையைப் போட்டுவிட்டுப் புருஷன் கையைப் பிடித்தாள்.

அந்நேரம் முத்துலிங்கம் வந்தார். இவர்களுக்குக் களிமண் கொடுப்பவர்; தனியாளாக வந்து தெருவில் குடியேறியவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மண் சரிந்த மேட்டில்தான் இன்னும் வெட்டுகிறார்; ஏன் அங்கேயே என்று கேட்காத வாய் தெருவில் இல்லை. பதில்தான் கிடைத்ததில்லை.

முகத்தைப் பார்த்தார். தழும்பைத் தடவினார்.

"லயத்து வீட்டுப் படியில விழுந்தது. நம்ம சுதர்ஷினி."

"மகளா?"

"மண்ணு மூடுனப்ப ஒம்பது வயசு. எம்புட்டு வளந்துட்டா பாருங்க."

ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வலப்பனைக்குக் குடிபோனார். மைக்கலும் ஐவியும் ஹட்டனுக்குப் போய்விட்டார்கள்; சேர்ந்துதான் போனார்கள்.

போன தை மாதம் முத்துலிங்கத்திடமிருந்து தெருவுக்கே கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் சுதர்ஷினி. அவருக்கு வேறு பிள்ளை கிடையாது.

தெருவிலிருந்து ஜெயந்தினி ஒருத்திதான் போய்வந்தாள். பந்தியைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறாள். பெண் எப்படி என்று கேட்டால் மட்டும்... கதவைச் சாத்திக்கொள்கிறாள்.