கொல்லையில் கிடைத்த வெள்ளை மண்டை

கடலுக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் எழும் வாசனை தனி. மேலே அடுப்புச் சாம்பலின் நெடி, இடுப்பளவு ஆழம் போனதும் துருப்பிடித்த இரும்பின் நெடி, அதற்கும் கீழே ஈரமணலின் உப்புவாடை. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டிய அந்தக் கோடை விடுமுறை முழுக்க என் பாவாடையிலும் தலைமுடியிலும் அந்த வாசனைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

குழி வெட்டியது தண்ணீர்த் தொட்டிக்காக. தெருக்குழாயில் வரும் தண்ணீருக்கு மேலே ஏறத் தெம்பு கிடையாது. தரைக்குக் கீழே "சம்ப்பு" கட்டினால்தான் அது வீட்டுக்குள் வந்து விழும். எல்லா வீட்டிலும் கட்டிவிட்டார்கள். அம்மா மட்டும் பிளாஸ்டிக் குடங்களோடு தெருமுனை அடிபம்பில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, வீட்டின் முன்னறையில் மளிகைக்கடை வைத்தவர். எப்போது கேட்டாலும், "இங்கயேவா கெடக்கப் போறோம்? நாலு வருசம் போவட்டும், ஊருக்கே போயிருவோம்" என்பார். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாலு வருடம் நாலு வருடமாகவே இருந்தது. கடைசியில் அந்தக் கோடையில் அவள் குடத்தோடு வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிய பிறகுதான் அப்பா இறங்கிவந்தார்.

வெட்ட வந்தவர் காசிமேட்டு ஏகாம்பரம். இடுப்பளவு போனதுமே மண்ணோடு கண்ணாடிப் புட்டிகள் வரத் தொடங்கின. "இன்னாம்மா இது, வெட்ட வெட்ட பாட்லா வந்துகினே கீது" என்று ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்தார். பக்கத்து வீட்டு ஜைபூன் அக்காவும் நானும் அவற்றை வாளித் தண்ணீரில் அலசினோம். பிறகு எலும்புகள் வந்தன. ஏகாம்பரத்தின் பேச்சு குறைந்தது. ஆளுயரம் போனபோது கடப்பாரை எதிலோ "ணங்" என்று பட்டது. குனிந்து கையால் மண்ணை விலக்கியவர், மறுகணம் ஏணியில் ஏறி மேலே நின்றார்.

"அண்ணாச்சி, இனிமே நான் எறங்க மாட்டேன். கீய மனுசன பொதச்சிகீறாங்க. மண்ட ஓடு தெரிது."

எட்டிப் பார்த்தேன். குழியின் அடியில், கறுப்பு மண்ணுக்குள், வழுவழுவென்று வெள்ளையாக ஒரு வளைவு. அன்றிரவு எனக்குக் காய்ச்சல்.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் பருப்பு கேட்பதற்கு முன்னால் மண்டை ஓட்டைப் பற்றிக் கேட்டார்கள். பழைய இடுகாட்டின் மேல்தான் வீடு நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். "குழிய மூடிருவோம். இந்த மண்ணு நமக்கு ஒட்டாதுன்னு அப்பவே சொன்னேன்லா."

அம்மா கொல்லைக்குப் போய் எலும்புகளை ஒரு கோணிச்சாக்கில் பரப்பி, ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். "இந்த முனையப் பாருங்க. நேரா அறுத்திருக்கு. பொணத்தப் பொதைக்கும்போது யாராவது ரம்பம் போட்டு அறுப்பாங்களா? இது கறிக்கு அறுத்த எலும்பு."

ஜைபூன் அக்காவும் ஒன்றை வாங்கிப் பார்த்தாள். "ஆமாம்மா, மாட்டுக் காலு. எங்கூட்ல சூப்பு வெக்கிறதுதான்."

"அப்ப அந்த மண்ட?" என்றார் அப்பா.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீங்கிய கையை மடக்கியபடி ஏணியில் இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீழே கரண்டியால் சுரண்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு அம்மா சிரிக்கும் சத்தம். திறந்து பார்த்தபோது அவள் கையில், அடிப்புறம் உருண்டு, நீலப்பூ வரைந்த, ஒற்றைக் கைப்பிடியுள்ள ஒரு பெரிய பீங்கான் பாத்திரம் இருந்தது. அது கவிழ்ந்து கிடந்ததால்தான் மண்டையாகத் தெரிந்திருக்கிறது.

கொல்லை இடுகாடு இல்லை, என்றோ குப்பை கொட்டிய பள்ளம் என்று தெரிந்ததும் எனக்குக் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. ஏகாம்பரம் வெட்கத்தோடு மறுபடி குழியில் இறங்கினார். அம்மாவும் ஜைபூன் அக்காவும் நானும் மண்குவியலைக் கிளறத் தொடங்கினோம். குவியல் தலைகீழாக இருக்கிறது, கடைசியாக வெட்டிப் போட்டதுதான் மேலே கிடக்கிறது, ஆகவே மேலே இருப்பதுதான் மிகப் பழசு என்பதைக் கண்டுபிடித்தவள் நான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. குவியலின் அடியில் ரப்பர்ச் செருப்பு வாரும் டார்ச் பேட்டரிக் கட்டையின் கரிக்குச்சியும். நடுவில் மைப்புட்டிகள், அவற்றின் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த தையல்கோடு வாய் விளிம்புவரை ஏறியது. உச்சியில் கிடந்த புட்டிகளில் அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிட்டது, வாய்ப்பகுதியைக் கையால் ஒட்டவைத்தது போலக் கோணியிருந்தது. கோடு முழுதாக ஏறினால் இயந்திரத்தில் செய்தது, பாதியில் நின்றால் அதற்கு முந்தியது என்று பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிய உணர்வு விரலுக்குத் திரும்ப வந்தது. கூடவே ராணித் தலை போட்ட ஒரு செப்புக் காசு. ஆண்டு தேய்ந்திருந்தது. ராஜாக்கள் தலை போட்ட காசுகளுக்கு முந்தியது என்றமட்டில் அப்பாவுக்குத் தெரிந்தது.

பீங்கான் பாத்திரம் என்னவென்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. துரைமார் வீட்டில் சோறு பரிமாறியதாக இருக்கும் என்று அப்பா முடிவு கட்டி, சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொல்லி, கடையின் முன்னால் வைத்து, அதில் ஆரஞ்சு மிட்டாயைக் கொட்டினார். வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அப்பா எல்லோருக்கும் கதை சொன்னார். அதுவரை சாமானைக் கட்டிக் கொடுப்பதற்கு மேல் அவர் அந்தத் தெருவோடு பேசி நான் பார்த்ததில்லை.

ரயில்வே குடியிருப்பிலிருந்து ரொட்டி வாங்க வரும் டெய்சி ஆன்ட்டி ஊருக்குப் போயிருந்து ஒருநாள் திரும்பி வந்தார். சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்து அம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ். மிட்டாய்ப் பாத்திரத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை.

"அய்யோ அண்ணாச்சி, அது பாட்! எங்க தாத்தா பங்களாவுல இருந்தது. நைட்ல கட்டிலுக்கு அடியில வெப்பாங்க. ஒண்ணுக்குப் போறதுக்கு!"

ஜைபூன் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இன்னா அண்ணாச்சி, எம்புள்ளைக்கி அத்துலேந்தா எடுத்துக் குட்த்த?" என்றாள். அப்பாவின் முகம் சிவந்தது. கோபம்தான் வரப்போகிறது என்று நான் உள்ளே நகர்ந்தேன். ஆனால் அவர் கல்லா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தெருவே கூடிச் சிரித்தது.

அன்றிலிருந்து அவர் "பாட் அண்ணாச்சி" ஆனார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்து டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், கல்யாணப் பந்தல்களில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தொட்டியில் முதல் தண்ணீர் விழுந்த நாளில் அம்மா மூடியைத் திறந்துவைத்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற பேச்சை அப்பா பிறகு எடுக்கவேயில்லை.

அப்பா இப்போது இல்லை. கடையும் இல்லை. சென்ற ஆண்டு வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்தோம். அம்மாவும் நானும் போய் நின்றபோது, பொக்லைன் இயந்திரம் கொல்லையை ஒரே காலையில் வாரி லாரியில் கொட்டியது. கறுப்பு மண்ணுக்குள் கண்ணாடிச் சில்லுகள் மின்னின. மண் எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்டேன். எர்ணாவூரில் ஒரு பள்ளத்தை நிரப்ப, அங்கே வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்.

அம்மா லாரியில் மண் நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓட்டுநரிடம் போய்ச் சொன்னாள்: "தம்பி, அங்க உள்ளவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாளைக்கி எதுக்காச்சும் தோண்டும்போது எலும்பு வந்தா பயப்பட வேண்டாம். எல்லாம் சாப்பிட்டுப் போட்டதுதான்."