ஐந்தைந்து பேராக

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்த மெர்சி, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, 1997இல் காந்திபுரத்துச் சின்ன சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் கோளாறு கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

அந்த வருடம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பதியும் புரோகிராம் எழுதினார்கள். முப்பது கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சமயத்தில் பதிந்தால் அது தாங்குமா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பயிற்சி மையத்தின் கூடத்தைக் கேட்டு வாங்கினாள். ஆபீஸ்காரர்கள், அவர்களுடைய தங்கைகள், மச்சான்கள் என்று முப்பது பேர் வந்தார்கள். மெர்சி கைதட்டியதும் எல்லோரும் ஒன்றாகக் கீபோர்டைத் தட்டினார்கள். ஒரு நிமிடத்தில் சர்வர் நின்றுவிட்டது.

அந்தப் புரோகிராமை எழுதிய தம்பிதுரைக்கு முகம் சுருங்கிப்போனது. "ஏனுங்க மெர்சி, எந்த ஆஸ்பத்திரியிலங்க முப்பது பேரும் ஒரே நொடியில பட்டனை அமுக்கறாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்த இடத்தில் முறிந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அப்ப நெசத்துல வர்ற மாதிரியே வரச் சொல்லலாங்க" என்றாள்.

சர்வரை மறுபடி ஓடவிட்டு, சீட்டுகளில் நேரம் எழுதிக் கொடுத்தாள். பத்து மணிக்கு ஐந்து பேர், பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இன்னும் ஐந்து பேர். தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் கடலை கொறித்துக்கொண்டு, சொந்தக்காரர்களின் வியாதிகளையெல்லாம் தட்டச்சு செய்யத் தயாராக யோசித்து வைத்தார்கள். பதினைந்து பேர்வரை ஓட்டம் சீராக இருந்தது. இருபதில் திணறியது. இருபத்தைந்தில் நின்றது. எல்லாருடைய பதிவும் அடுத்த நோயாளி எண்ணுக்காகப் புரோகிராமில் ஒரே இடத்தில் காத்துக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. தம்பிதுரை அந்த வாரமே அதைச் சரிசெய்தார். அடுத்த ஞாயிறு முப்பது பேரும் உள்ளே வந்த பிறகும் புரோகிராம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. முடிந்தது என்று மெர்சி சொன்ன பிறகும் யாரும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து இந்த வேலைக்கென்றே ஒரு சாப்ட்வேர் வந்தது. மொத்தம் எத்தனை பேர், எத்தனை நொடிக்கு எத்தனை பேர் என்று கட்டங்களை நிரப்பினால் போதும். நிஜத்தில் இல்லாத முந்நூறு பேர் கம்ப்யூட்டருக்குள்ளேயே வரிசையாக வந்தார்கள். மெர்சிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் திரையில் ஆள் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மேலேறுவதைத் தனியாகப் பார்க்கும்போது, கூடம் நிறைந்த அந்தப் பேச்சுச் சத்தம் இல்லாதது என்னவோ போலிருக்கும். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அடுத்த எண்ணை நிரப்புவாள்.