படிகத்துக்குள் ஒரு மூச்சு

ஸ்பெயினின் கடலோர ஊரான டொனோஸ்டியாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கியை இயக்குபவள் கராசி. கண்ணுக்கே தெரியாத ஊசிமுனை ஒன்று படிகச் செதிலைத் தட்டித் தட்டி நகரும். முனையில் லேசர் விழுந்ததும் செதிலின் மேல் அலைகள் ஓடும்; விளிம்பில் மோதித் திரும்பும். திரையில் வரிவரியாகத் தெரியும்.

அந்த ஒரு செதிலில் மட்டும், விளிம்பே இல்லாத நடுவிடத்திலிருந்து வட்டவட்டமாக அலை திரும்பி வந்தது.

"ஒட்டும்போது சிக்கின காத்துக் குமிழிதான்," என்றாள் எங்கள் தலைவி மையாலென். "உன் வீட்டுக்காரன் வேலை. ஊதாதடான்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்! சைடர் மதுக்கடையில கிளாஸ் துடைக்கிறவன் மாதிரி ஹா ஹான்னு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செதில்களை உரித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியவன் கராசியின் கணவன் பெஞ்ஞாத். ஈரம் புகுந்துவிடும் என்று தடுத்தும், ஒட்டுமுன் சூடாக ஊதும் பழக்கத்தை அவன் விடவில்லை. இந்தச் செதிலை ஒட்டிய அன்று மாலைதான் சுர்ரியோலா கடற்கரைக்கு நீந்தப் போனான். கடல் அவனைத் திருப்பித் தரவேயில்லை.

குமிழிக்குள் இருந்தது அவனுடைய மூச்சு.

"சூடு பண்ணினா குமிழி ஓடிடும், கராசி. நாம சொன்ன பக்கம் அலை போகணும். இது குறுக்க நிக்குது."

"வேணாம். ஒளியோட நிறத்தை மாத்திப் பார்க்கறேன். அலை இதைத் தொடாம ஒதுங்கிப் போயிடும்."

"பிடிவாதக்காரி! சரி, பண்ணு."

கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை மாற்றினாள். வட்டங்கள் கலைந்தன. அலைகள் ஒடுங்கி, ஒரே திசையில், குமிழியை விட்டு விலகி ஓடின. மையாலென் அவளைக் கட்டிக்கொண்டாள். கராசி அன்று வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

மறுநாள் குமிழி இடம் மாறியிருந்தது.

"செதில் நகர்ந்திருக்கும்," என்றாள் மையாலென்.

"விளிம்பெல்லாம் அங்கேயேதான் இருக்கு. இது மட்டும்தான் நடக்குது."

நாளுக்கு நாள் அது விளிம்பை நோக்கிப் போயிற்று. கராசி ஒதுக்கிவிட்ட அலைகளும் வளைந்து வளைந்து அதன் பின்னாலேயே சென்றன. லேசரைத் தொட்டவர் யாருமில்லை. கடைசியில் அது விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டு, அங்கேயே நின்றது.

கராசி திரையின் அருகே குனிந்தாள். "வெளியே போக வழி தேடுறியா, பெஞ்ஞாத்? நான்தான் பிடிச்சு வெச்சிருக்கேனா?"

அவளே செதிலை எடுத்துச் சூட்டுத் தட்டில் வைத்தாள். கண்ணாடி மூடியை மூடினாள். உள்ளே ஈரம் துளியும் இல்லாத வாயு. அப்படியிருந்தும் மூடியின் உட்புறம் மெல்லப் பனித்தது. வட்டமாக, ஒரு வாய் அளவுக்கு.

மையாலென் கை நீட்டினாள்.

"தொடாதே!"

பனிப்பு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது.

பிறகு எடுத்த படத்தில் அலைகள் நேராக ஓடின. நடுவிலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. கராசி மட்டும் திரையை விட்டு எழவில்லை.