டப்பா நின்னா கட்டை

சுலோச்சனா டீச்சர் அவர்கள் மறைந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தது நாமக்கல் பஸ். அந்தப் பஸ்ஸில்தான் அவர்களும் வந்திருந்தார்கள்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டில், மூவேந்தரும் முண்டியடித்து வரிசையில் நிற்கத்தக்க டீயை நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தம்பி இறங்கி நேரே கடைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணா, செத்த வாங்க. டீச்சர் கண்ணத் தொறக்க மாட்டேங்கறாங்க.”

“அவங்க எப்பத் தொறந்தாங்க? ஊரு வந்துருச்சுன்னு காதுல சொல்லு, தொறப்பாங்க.”

“சொல்லீட்டேங்கண்ணா. தோளத் தொட்டுங்கூடச் சொல்லீட்டேன்.”

கிளாஸைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அது உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் கீழ்நாட்டுக்காரர். கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவையும் அவர்கள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அடிவாரத்தில் கண்ணை மூடுவார்கள், மேலே வந்து யாராவது “டீச்சர், வந்துட்டோமுங்க” என்று சொன்ன பிறகுதான் திறப்பார்கள். இது பஸ்ஸுக்கே தெரிந்த சங்கதி. ஆகவே அன்றைக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண், தூங்கிப்போன கைக்குழந்தையின் தலையை டீச்சர் மடியில் வைத்திருந்தார். நான் ஏறிப் பார்த்தபோதும் டீச்சரின் கை அந்தக் குழந்தையின் முதுகில்தான் இருந்தது. குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எந்த வளைவில் போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றேழில் எங்கள் பால்வாடிக்கு டீச்சராக வந்தார்கள். வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, அச்சம் என்னும் சாம்ராஜ்யத்தின் பட்டத்து மகாராணி எங்கள் மலைக்கு எழுந்தருளியிருக்கிறார் என்று. மூடுபனி என்றால் பயம். அட்டைப்பூச்சி என்றால் பயம். கரடி வரும் என்று சொன்னாலும் பயம், கரடி வராது என்று சொன்னால் ‘எதுக்கு இப்படிச் சமாதானம் சொல்றாங்க’ என்று கூடுதல் பயம். ஒருநாள் பின்பக்க மரத்திலிருந்து பலாப்பழம் ஒன்று தகரக் கூரையில் விழுந்தது. கொல்லிமலையே இரண்டாகப் பிளந்து ஒரு பாதி சேலத்துப் பக்கம் போய்விட்டதாக எண்ணி, அத்தனை குழந்தைகளையும் ஒரே மேசைக்கு அடியில் திணித்துத் தானும் நுழைந்துகொண்டார்கள். நான் போய்ப் பார்க்கிறேன், மேசைக்கு அடியில் எட்டுத் திக்கும் கால்கள். நடுவே ஒரு குரல்: “யாருங்க அது? கரடிங்களா?”

“இல்லீங்க டீச்சர், மல்லிகா மாமன்.”

“நெசமாலுமா?”

அவர்களுக்கு நான் எப்போதும் மல்லிகா மாமா. மல்லிகா என் தங்கை ராசாத்தியின் மகள், அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. மச்சான் போர்வெல் லாரி வேலைக்கு வடக்கே போய்விட்டார். மிளகு பறிக்கப் போகும் ராசாத்தியால் எல்லா நாளும் வர முடியாது. ஆகவே தாய்மாமன் என்ற மாபெரும் பதவியில் இருந்த அடியேன்தான் குழந்தையைத் தோளில் சுமந்து பால்வாடிக்குப் போனேன்.

டீச்சர் சந்தை நாளில் ஒரு வகுப்பு வைத்தார்கள். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, கூட வரும் பெற்றவர்களுக்கும் சேர்த்து. குண்டனி நாடு, தேவனூர் நாடு என்று மலையின் மற்றப் பகுதிகளிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டுக் குழந்தையோடு வந்து ஆடிப் பாடிவிட்டுப் போக வேண்டும். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“எனக்குப் பயமா இருக்குதுங்க. இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் பள்ளம். நான் ஒருத்தி எத்தனை புள்ளயப் புடிப்பேன்? நிக்க வேண்டிய நேரத்துல நிக்கறதுக்குப் புள்ளைங்க பழகோணும். நீங்களுந்தான் பழகோணும்.”

வாத்தியம் ஒரு பால்பவுடர் டப்பா, ஒரு மர அகப்பை. பாட்டு அவர்களே கட்டியது:

டப்பா டப்பா பால் டப்பா
தாவி வாடா தவளையப்பா
சத்தம் கேட்டா ஆட்டம் போடு
சத்தம் நின்னா கட்டை ஆயிடு

சத்தம் இருக்கும்வரை தவளையாகத் தாவலாம், யானையாக அசையலாம், கைதட்டலாம், கூப்பாடு போடலாம். டீச்சர் டப்பாவை நிறுத்தி உள்ளங்கையை உயர்த்தினால் எல்லாரும் கட்டை. தூக்கிய கால் தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. மறுபடி டப்பா கேட்கும்வரை மூச்சு மட்டும்தான் விடலாம்.

முதலில் ஆண்கள் வாசலுக்கு வெளியே பீடியோடு நின்றார்கள். உள்ளே தவளையாய்த் தாவிய ஒரே ஆண்மகன் நான். பூமி அதிர்ந்தது, சேந்தமங்கலத்தில் பாத்திரங்கள் உருண்டன.

“அப்பாமாரெல்லாம் அங்க நின்னு என்ன பாக்கறீங்க? உள்ள வந்து தவளை ஆவுங்க.”

“ஏனுங்க டீச்சர், மீசை வெச்ச தவளை எங்கயாச்சும் உண்டுங்களா?” என்றார் ஒருவர்.

“ஒரு மழை பெய்யட்டும், உங்க ஊட்டுப் பின்னாடியே காட்டறேன். வாங்க சாமி.”

அவர் வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற மீசைகளும் வந்தன.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “நிறுத்தறதுக்கு எதுக்குங்க இத்தனை சடங்கு? ‘நில்லு’ன்னு ஒரு சத்தம் போட்டா நிக்காதுங்களா?”

“அதுவும் சத்தந்தானுங்களே மல்லிகா மாமா. பயத்துல நாம போடற கூப்பாட்டுக்குப் புள்ளைங்க இன்னும் வேகமாத்தான் ஓடும். நாம வாய மூடறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் உங்களையும் கூப்புட்டேன்.”

நான் சிரித்தேன். சிரிக்கத்தான் தோன்றியது.

நான் சொல்வதில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டுக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். நியாயமான வழக்கம். இனி சொல்லப்போவதில் மட்டும் ஒன்றையும் தள்ளாதீர்கள்.

பால்வாடிக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் அந்த வருஷம் கிணறு வெட்டினார்கள். பாறை வரை இறங்கியாயிற்று, சுற்றுச்சுவர் இன்னும் எழும்பவில்லை. இழுத்த மண்கூடையை இறக்கி வைக்கக் குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டிருந்தார்கள். சந்தை நாள் என்பதால் வேலையாட்கள் இல்லை. வேலி முள்ளை ஏதோ ஓர் ஆடு விலக்கிவிட்டுப் போயிருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் மூட்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரம். ராசாத்தியும் அன்றைக்கு வந்திருந்தாள். நான் அவளிடம் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் என்று நினைத்தாள். பனி நன்றாக இறங்கியிருந்தது.

“ஐயோ, கெணறு!” என்று யாரோ அலறினார்கள்.

ஓடினோம். பனிக்குள் ஒரு மஞ்சள் கவுன் தெரிந்தது. பலகையின் நட்டநடுவே மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். கீழே இருட்டு.

அத்தனை பேரும் கத்தினோம். “நில்லு கண்ணு! அசையாதடா சாமி! வா, இங்க வா!” கையைத் தட்டிக் கூப்பிட்டவர்களும் உண்டு. மல்லிகா எங்களைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சத்தம் கேட்டால் ஆட்டம் போட வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக, இரண்டு முழங்காலையும் மடக்கி, தவளையாக ஒரு தாவு தாவினாள்.

பலகை கிடுகிடுவென்று ஆடியது. ராசாத்தி கத்திய கத்தல் இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன். அந்தக் கத்தலுக்கும் குழந்தை இன்னொரு தாவு தாவினாள். பலகையின் ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

அப்போது கூட்டத்துக்கு முன்னால் டீச்சர் வந்து நின்றார்கள். கிணற்றைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்கள். வகுப்பில் தூக்குவதுபோலவே உள்ளங்கையை உயர்த்தினார்கள்.

நாங்கள் கட்டையானோம்.

பெற்ற பிள்ளை கிணற்றின் மேல் நிற்கும்போது வாயை மூடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராசாத்தி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஒரு கைக்குழந்தை சிணுங்கப் பார்த்தது, அதன் தாய் நின்றபடியே மார்பில் அணைத்தாள். மீசைக்காரர் தூக்கிய கையை இறக்காமல் நின்றார். அந்த அமைதியில் மல்லிகாவும் கட்டையானாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.

அந்தப் பலகை எங்களில் யாரையும் தாங்காது. டீச்சரோ, பட்டத்துக்கு வாலாகக் கட்டினால் கூடவே பறந்துவிடும் எடை. அவர்களே போய்ப் பலகையில் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடியிருந்தார்கள்.

பிள்ளைக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். கை காற்றில் துழாவுகிறது. பிள்ளை இருப்பது இடதுபக்கம், கை துழாவுவது வலதுபக்கம். ‘இந்தப் பக்கம்’ என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் இல்லை. அதே நேரம் கீழே வளைவில் பஸ் ஏறும் முனகல் கேட்டது. எங்கள் வளைவில் திரும்பும்போது அந்த டிரைவர் ஹாரனை அடிக்காமல் திரும்பியதே இல்லை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

ஹாரன் அடித்தது. மல்லிகா முழங்காலை மடக்கினாள். துழாவிய கை இடதுபக்கம் வந்தது, டீச்சரின் விரலில் கவுனின் ஓரம் தட்டுப்பட்டது. அடுத்த கணம் பிள்ளை அவர்கள் மடியில் இருந்தது.

கயிறு கொண்டுவந்து இரண்டு பேரையும் கரைக்கு இழுத்தோம். பயம் அதோடு முடியவில்லை. ராசாத்தி பிள்ளையை வாங்கினாள். பிள்ளை விறைத்துப்போய் இருந்தது. அழவில்லை, சிரிக்கவில்லை, கண்ணைக்கூட ஆட்டவில்லை. “எம் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சே!” என்று தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் கையை நீட்டினார்கள். “டப்பா எங்கீங்க? டப்பாவ எடுத்தாங்க,” என்றார்கள். யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். நடுங்கும் கையால் தட்டினார்கள். தாளம் கோணல்மாணலாக வந்தது. மல்லிகா உடம்பைத் தளர்த்தி, கையை ஆட்டி, கெக்கெக்கே என்று சிரித்தாள். நாங்கள் அழுதோம்.

அதற்குப் பிறகு டீச்சருக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அஞ்சலிக்கு அழகாக இருக்கும். போகவில்லை. கூடித்தான் போனது. கிணற்றுக்குச் சுவர் எழும்பும்வரை பால்வாடிக் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து உட்கார்ந்தே பாடம் நடத்தினார்கள்.

“எப்படீங்க டீச்சர் அந்தப் பலகையில போனீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பஸ்ஸுல வாரமாதிரிதானுங்க. கண்ண மூடிக்கிட்டு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: “பயம் எங்கீங்க போவும்? அது பாட்டுக்கு ஒரு ஓரத்துல ஒக்காந்திருக்கட்டும். நாம தாளத்த விடாம இருந்தாச் சரி.”

அடக்கத்தன்று மலையே வந்தது. நான் வழக்கமாக அளந்துவிடும் மலை அல்ல, நிஜமாகவே. தப்பட்டை முழங்கப் பாடையைத் தூக்கினோம். பெண்கள் பால்வாடி முன்னால்வரை வருவார்கள், அதற்கு மேல் வருவதில்லை. அங்கே பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவது வழக்கம். இறக்கியதும் தப்பட்டை நின்றது.

சத்தம் நின்றது. யாரும் சொல்லவில்லை, யாரும் கையை உயர்த்தவில்லை. அன்றைய குழந்தைகள், இன்று எனக்குத் தோள் உயரம் இருக்கிறவர்கள், நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களும் நின்றார்கள். ராசாத்தி மூக்கைச் சிந்தப் போன கையோடு நின்றாள். மீசைக்காரர் நின்றார், மீசை வெளுத்துவிட்டது. குனிந்து தூக்கப்போன நானும் குனிந்தபடி நின்றேன். வெளியூர் உறவினர்கள் என்னமோ ஏதோ என்று பயந்துபோய் எங்களைப் பார்த்தார்கள்.

எனக்கு வேறு பயம். டப்பாவை அடிக்கிறவர்கள் பாடையில் படுத்திருக்கிறார்கள். இனி எங்களை யார் அசைப்பது?

மல்லிகாதான் அசைந்தாள். பால்வாடிக்குள் போய் டப்பாவையும் அகப்பையையும் எடுத்துவந்து, தலைமாட்டில் நின்று தட்டினாள். கோணல்மாணலான அதே தாளம். கூட்டம் மூச்சுவிட்டது. கைகள் இறங்கின, கால்கள் நகர்ந்தன, குழந்தைகள் ஓடின. நான் மட்டும் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான். ஆனாலும் பார்த்தேன். டப்பா கேட்டதல்லவா.

அவர்கள் கட்டையாகவே இருந்தார்கள்.

டீச்சர், கண்ணைத் திறக்க வேண்டாம். வளைவெல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம், பயந்துகொண்டேதான். தாளத்தை விடவில்லை.