ஏழு மீற்றர் ரோஷம்

என் அண்ணை நான்கு வருடமாக என் வீட்டு வாசற்படி மிதிக்காமல் இருந்தார். போன கோடையில் லண்டனுக்கு வந்தார். படி மிதிக்காமல் தங்குவதற்குத் தோதாக, தன் வீட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அவர் இருக்கிற ஜேர்மனியில் அதற்கு வோன்மொபில் என்று பெயர். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வான். ஏழு மீற்றர் நீளம். ஹரோவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்கத்தான் இடம். அதற்குள் அதைப் பின்பக்கமாக ஏற்றிவிட்டார். மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. வரவேற்பறை சன்னல் முழுவதும் அடைபட்டு, நான்கு நாளும் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தோம். பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் வந்து, வீட்டை இடித்துக் கட்டப்போகிறீர்களா, அதுவரைக்கும் இதற்குள்ளா இருக்கப்போகிறீர்கள் என்று விசாரித்தார். இல்லை, இது என் அண்ணை என்றேன்.

கோபம் என் மகளின் கலியாணத்தில் தொடங்கியது. அண்ணைதான் அவளுக்கு ஒரேயொரு தாய்மாமன். எங்கள் ஆட்களின் வழக்கப்படி தாய்மாமனுக்குக் கலியாணம் சொல்வதென்றால், புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டத்தில் குங்குமமும் கார்டும் வைத்து, வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். வேறு நாடென்றால் குறைந்தது இரண்டு பேருமாகப் போனிலாவது பேச வேண்டும். நான் கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டேன். அதற்குக் கீழே கும்பிடுகிற இரண்டு கைப் படம் ஒன்று. அவ்வளவுதான்.

வேலைக் கரைச்சலில் மறந்துபோனேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அது சுத்தப் பொய். மாப்பிள்ளை வீட்டார் மன்னார்க் கத்தோலிக்கர். சம்பந்தம் சரிவந்ததும் ஆசையாசையாக அண்ணைக்குப் போன் எடுத்தேன். "வேதக்காரரோ? வேறை ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். தன் தோளில் வைத்துத் தூக்கித் திரிந்த பிள்ளையின் நல்ல காரியத்துக்கு அந்த மனிதருக்கு வாயில் வந்தது அதுதான். எனக்கு உச்சந்தலை கொதித்தது. வேண்டுமென்றேதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு பேச்சும் இல்லை.

இப்போது அவருடைய மகனுக்குக் கலியாணம். பெண் ஜேர்மன்காரி. சொந்தக்காரர் வாயிலாகத்தான் எனக்குத் தெரியும். பெண்ணின் தாய் தகப்பன் என்ன சைவ சமயமோ என்று கேட்க எனக்கு நாக்கு துருதுருத்தது. கேட்பதற்கு ஆள்தான் பேச்சில் இல்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணையின் மனைவி, என் மச்சாள், போன் எடுத்தார். "இவர் லண்டன் பாக்க வாறாராம். உங்களைப் பாக்க எண்டில்லையாம். வான் விட ஒரு இடம் வேணுமாம்."

"விடச் சொல்லுங்கோ," என்றேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரேயொரு ஆசை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு அவரும் அவருக்கு நானும்தான் மிச்சம். அந்த மனிதர் என் வீட்டுக்குள் வந்து மகனின் கலியாணத்தை என் கையில் முறையாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்பதில்லை என்றும் முடிவெடுத்திருந்தேன். ரோஷம் அவருக்கு மட்டும் சொந்தமா என்ன?

வந்த அன்றைக்கே சட்டதிட்டம் தெளிவானது. என் வீட்டு மின்சாரம் ஆகும். குசினி சன்னலால் வயர் போனது. என் வீட்டுத் தண்ணீர் ஆகும். தோட்டத்துக் குழாய் போனது. வைஃபையும் ஆகும், பாஸ்வேர்டை மச்சாள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார். சோறு மட்டும் ஆகாது. பிட்டும் மீன்குழம்பும் வைத்து என் கணவரிடம் கொடுத்துவிட்டேன். போன சட்டி மூடி திறக்காமல் திரும்பி வந்தது. "அவர் பாணும் பட்டரும் சாப்பிட்டிட்டார்," என்று சொல்ல வந்த மச்சாள், என் குசினியில் நின்றபடியே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். "சொல்லிப்போடாதேங்கோ, என்ன," என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் பொறுக்கலாம். வானுக்குள் இருக்கிற கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. நிறைந்தால் கழற்றி எங்கேயாவது கொண்டுபோய் ஊற்ற வேண்டும். நிறைந்ததும் அண்ணை அதை என் வாசல்வரைக்கும் தூக்கி வருவார். படிக்கு ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் கணவர் அதை மாடிக்குத் தூக்கிப்போய், எங்கள் கழிப்பறையில் ஊற்றி, கழுவித் திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

"உன்ரை அண்ணை எங்கடை வீட்டுச் சோத்தை உள்ளுக்கு எடுக்கமாட்டாராம். மற்றதை மட்டும் எங்கடை வீட்டிலைதான் ஊத்துவாராம். இது எந்த ஊர் ரோஷம்?" என்று என் கணவர் என்னைப் பிடித்து ஏசினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் லண்டன் பார்க்கப் புறப்பட்டோம். ரயிலில் போனால் அரை மணித்தியாலம் என்று மச்சாளிடம் சொன்னேன். "சொந்த வாகனம் இருக்கேக்கை நான் ஏன் ரெயினிலை நிண்டுகொண்டு போகவேணும் எண்டு கேள்," என்று அண்ணை மச்சாளிடம் சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் மச்சாள் தபால்காரியாகி நாலு வருடம்.

ஜேர்மன் வானில் ஓட்டுகிறவர் இடப்பக்கம் இருப்பார். இங்கே தெருவும் இடப்பக்கம். ஆகவே வலப்பக்கத்தால் வருகிற வாகனம் அவருக்குத் தெரியாது; பக்கத்தில் இருக்கிற ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். டோவரிலிருந்து வரும்போது மச்சாள்தான் அங்கே இருந்திருக்கிறார். லொறி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றிருக்கிறார். அதனால் அன்றைக்கு என்னைப் பிடித்து முன்னுக்கு இருத்திவிட்டு அவர் பின்னுக்குப் போய்விட்டார். என் கணவர் தனக்கு வேலை இருக்கென்று முதலே தப்பிவிட்டார்.

முதல் ரவுண்டபவுட்டில் அண்ணை பின்பக்கம் திரும்பி, "போகலாமோ எண்டு கேள்," என்றார். மச்சாள் என்னிடம் கேட்டார். "ஓம், போகச் சொல்லுங்கோ," என்றேன். "போகட்டாம்," என்றார் மச்சாள். அதற்குள் மூன்று கார்கள் வந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து. பின்னால் நின்றவர்கள் அடித்த ஹோர்னை ஒரு மாதத்துக்கு மறக்கமாட்டேன். இப்படியே ஏழெட்டு ரவுண்டபவுட் தாண்டினோம்.

பிறகு ஒரு சந்தியில், கேட்கிற பொறுமையும் இல்லாமல் வெளியே எடுத்தார். வலப்பக்கத்தால் சிவப்புப் பஸ் ஒன்று மலைபோல வந்தது. "நில்லுங்கோ அண்ணை!" என்று குழறிக் கத்தினேன்.

நின்றார். நாலு வருடத்துக்குப் பிறகு நான் அவருக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை. அடித்த பிரேக்கில் மேல்தட்டின் கதவு திறந்து, சாமானெல்லாம் கீழே கொட்டியது. ஒரு வெள்ளித் தட்டம், குங்குமச் சிமிழ், ஒரு கட்டுக் கலியாணக் கார்டு. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த உறையில் அண்ணையின் குண்டுக் கையெழுத்தில் என் கணவரின் பெயர்.

மச்சாள் விழுந்தடித்துப் பொறுக்கினார். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்த மனிதர் லண்டன் பார்க்க வரவில்லை. இரண்டு தேசம் தாண்டி, கப்பலேறி, எனக்குக் கலியாணம் சொல்லத்தான் வந்திருக்கிறார். வந்து, படியேற மனம் வராமல் மூன்று நாளாக என் வாசலில் பாணைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். பாவமாகவும் இருந்தது. கூடவே நாலு வார்த்தை ஏச வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு "போகலாமோ?" என்று நேரே கேட்டார். "போங்கோ" அல்லது "நில்லுங்கோ" என்று நானும் நேரே சொன்னேன். நாள் முழுக்க எங்கள் உரையாடல் அவ்வளவுதான். அந்தச் சைஸ் வானை நிறுத்த நகரத்துக்குள் ஒரு இடமும் இல்லை. பார்லிமென்ட்டை மூன்று தரம் சுற்றினோம். அரண்மனைப் பக்கம் போய்க் காவல்காரரைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். ஒரு கால் நிலத்தில் வைக்கவில்லை. மச்சாள் பின்சன்னலால் எடுத்த படம் எல்லாவற்றிலும் பஸ்தான் நின்றது. தெருக் கமரா மட்டும் எங்களை வடிவாகப் படம் பிடித்திருக்கும்.

கடைசி நாள் காலை. பின்னேரக் கப்பலுக்கு அவர்கள் போக வேண்டும். அண்ணை வழமைபோலப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். நான் கதவைத் திறந்தேன்.

"இவர் ஷிப்டுக்குப் போயிட்டார்," என்றேன்.

அண்ணை வானைத் திரும்பிப் பார்த்தார். மச்சாள் சன்னலால் தலையை நீட்டி, "எனக்கு ஏலாது. நான் குளிச்சிட்டன்," என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

"எனக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது," என்றேன். "உங்கடை சாமான்தானே, நீங்களே கொண்டுபோங்கோ. மாடியேறினால் வலப்பக்கம்."

அண்ணை குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளித் தட்டத்தோடு வர வேண்டிய அண்ணை, நாலு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் இரண்டு கையாலும் ஏந்தி வந்தது அதைத்தான். சிரிப்பு அடக்க ஏலாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தேன்.

மேலே மூன்று தரம் தண்ணீர் இழுக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வரும்போது பாதிப் படியில் நின்றுவிட்டார். அங்கே சுவரில் மகளின் கலியாணப் படம். மணவறைக்கு அவளைக் கைபிடித்துக் கூட்டிவருகிற ஒரு மனிதர், வேட்டி கட்டி, நெற்றி முழுக்கத் திருநீறு பூசி.

"இதார்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளையின்ரை மாமா. கிங்ஸ்பரியிலை இருக்கிறவர்."

"திருநீறு பூசியிருக்கிறார்?"

"ஓம். தாய்மாமன் இல்லாமல் பிள்ளை தனிய வரக்கூடாதெண்டு அந்த மனிசன் தானாத்தான் வந்து கேட்டவர். காலமை சேர்ச்சிலை முழங்காலிலை நிண்டவர், பின்னேரம் திருநீறு பூசிக்கொண்டு வந்து தேங்காயும் உடைச்சவர்."

படத்துக்குக் கிட்டே குனிந்தார். "தேங்காய் சரியா உடைஞ்சதோ?"

"ஒரே அடியிலை."

பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். இனி ஏலாது என்று எனக்குத் தோன்றியது. "அண்ணை, நான் மறக்கேல்லை. வேணுமெண்டுதான் வாட்ஸ்அப்பிலை போட்டனான். பிழைதான்."

"தெரியும். நீ ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லை," என்றார். பிறகு படியைப் பார்த்துக்கொண்டு, "நான் சொன்னதும் பிழைதான்," என்றார். சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வான் கதவு அடிபட்டுச் சாத்தியது. முடிந்தது, போகப்போகிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் திறந்து கிடந்த கதவில் பெல் அடித்தார்கள். அண்ணை வேறு சேட் போட்டிருந்தார். மச்சாள் கையில் குங்குமச் சிமிழ். அண்ணை வெள்ளித் தட்டத்தை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "மகனுக்குக் கலியாணம். கட்டாயம் எல்லாரும் வரவேணும்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அழுதுகொண்டே குங்குமம் எடுத்தேன், அழுதுகொண்டே இடியப்பம் பரிமாறினேன். பதினொன்று சாப்பிட்டார். பாணில் நாலு நாள் கிடந்த வயிறு.

கை கழுவிவிட்டு வந்து, பெயர் எழுதாத ஒரு கார்டை எடுத்தார். "அந்தக் கிங்ஸ்பரி மனிசனுக்கும் ஒண்டு குடுக்கவேணும். பேரைச் சொல்லு."

என் நாக்கு என்றைக்குச் சும்மா இருந்தது? "நம்பர் தாறன், வாட்ஸ்அப்பிலை போட்டுவிடுங்கோவன்."

மச்சாள் சாப்பிடுவதை நிறுத்தினார். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலு நாளில் அன்றைக்குத்தான் என் முகத்தை நேரே பார்த்தார்.

"கிங்ஸ்பரி எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிசம். உங்கடை வானிலை எண்டால் முக்கால் மணித்தியாலம்."

"கப்பல் பின்னேரம்தானே. நேரை போய்த்தான் சொல்லவேணும்," என்று எழும்பினார். மச்சாளிடம் தட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ முன்னுக்கு ஏறு. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது."